கற்பூரச் சுடரைச் சாய்த்த மேசன் சிவபாலன் அவர்களுக்கு

கல்லின் குணமறிந்த கலைஞரே! காற்றின் கால்வழி கண்ட காவலரே! சாந்துக் கரண்டியைச் செங்கோலாய் ஏந்தி, இருபத்தேழு ஆண்டுகள் பலேர்மோவின் பழைய வீடுகளைப் பழுது தீர்த்த எங்கள் சிவபாலன் அண்ணையே! வணக்கம்.

ஆபிரிக்காவிலிருந்து சிரொக்கோச் சுடுகாற்று வீசும் நாளில், இறக்கை சுடுமென்று அஞ்சி, அல்பெர்கேரியாப் பேட்டைப் புறாக்கள் நடந்தே தெருக் கடக்கும். இதைக் கண்டவர் இருவர். அவர்களில் ஒருவர் பொய் பேசாதவர். அப்படியொரு நாளில், பாலர் பள்ளியாக மாறவிருந்த பழைய வீட்டின் நிலவறையில், சுவர்த்துளை ஒன்றை மாலைக்குள் அடைக்கும்படி தங்களுக்குக் கட்டளை வந்தது. அடைத்தால் எட்டுக் குளிரூட்டிகள் வரும். அடைக்காவிட்டால் நாளைக்குத் தங்களுக்கு வேலையில்லை.

முதற்கல் வைக்குமுன் கற்பூரம் கொளுத்துவது தங்கள் வழக்கம். அன்றும் கொளுத்தினீர்கள். சுடர் நிற்கவில்லை, துளைக்கு முதுகு காட்டிப் படுத்துக்கொண்டது. நிலத்தடி நீர்க்கால்வாயைத் தொட்டு வந்த அந்தக் குளிர்காற்றில், தங்கள் கையாள் றஞ்சித்தின் மீசைக்குத் தடிமன் பிடித்தது. மூன்று நாள் மல்லித்தண்ணீர் கொடுத்தோம்.

நெருப்பு மணத்துக்கு ஏச ஓடிவந்தார் பொறியியலாளர் எமிலியானா. கோபத்தில் இத்தாலியம் மறந்துபோகும் தாங்கள் தமிழிலேயே முழங்கினீர்கள்: “இந்தக் காத்து கறன்ற் கேக்கேல்லை, ரிமோட் கேக்கேல்லை. தானா வாறதை ஏன் மறிக்கிறியள்? நான் அடைக்கமாட்டன். வீட்டை போகச் சொன்னால் போறன்!” றஞ்சித் மொழிபெயர்த்தார், மரியாதையை அவரே சேர்த்துக்கொண்டார். சிஞ்ஞோரா எமிலியானா மூன்று நாள் வெப்பமானியோடு நிலவறையில் குந்தியிருந்தார். துளை பிழைத்தது, தங்கள் வேலையும் பிழைத்தது. குளிரூட்டிகள் வந்த வண்டியிலேயே திரும்பின.

தடித்த மணற்கல் சுவர், வெயில் மறைக்கும் பலகைச் சன்னல், நிலத்தடிக் காற்றுப்பாதை என அவ்வீடு கற்பித்த யாவும், இன்று பிரான்காச்சோப் பேட்டையில் எழுந்துள்ள புதிய பாலர் பள்ளியில் குடியேறியுள்ளன. ஆனால் நேற்று அங்கே தாங்கள் கொளுத்திய சுடர் நெட்டையாய் நிமிர்ந்து நின்றதே, அண்ணை! சிஞ்ஞோராவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

“நல்ல ஒழுக்கமான நெருப்பண்ணை,” என்றார் சாந்து குழைத்துக்கொண்டிருந்த கிரிசாந்.

“பகிடியை விட்டுட்டு மேலை போய் உச்சிச் சன்னலைத் திறவடா. போக வழி விட்டால்தானே காத்து உள்ளை வரும்!” என்றீர்கள்.

திறந்தார். சுடர் சாய்ந்தது. சிஞ்ஞோராவின் கண் கலங்கியது. சாந்துத் தூசி என்றார்.

‘போக வழி விடு’ என்ற தங்கள் விதி காற்றுக்குப் பொருந்துமென உடனே ஒப்புக்கொண்டோம். ஓய்வு கேட்ட தங்களுக்கும் பொருந்துமென ஒப்ப மூன்று மாதம் மறுத்தோம். இன்று சன்னலைத் திறக்கிறோம். போய் வாருங்கள், அண்ணை! முழங்கால் நோகாது, மூச்சு முட்டாது, சிரொக்கோவும் தங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்தே நுழைய, நெடுங்காலம் நிறைவாய் வாழ்க!

தங்களுக்குச் சாந்து குழைத்த கைகள்,
றஞ்சித், கிரிசாந், எமிலியானா
மற்றும் பழைய வீடு புதுக்கும் குழுவினர்
பலேர்மோ