நாக்கில் நிற்காத பற்பொடி

— இந்தாங்கோ ஜாபிர் நானா, உங்கட மூண்டாவது பற்பொடியும் சரிவரேல்லை. பாதி கூட முடிக்கேல்லை. திருப்பி எடுங்கோ.

— வாங்கோ டீமேக்கரய்யா, முதல்ல இந்தப் பெட்டியில ஒக்காருங்கோ. மூணு கெழமக்கி மூணு சாமான்! இந்த ஓப்பநாயக்க ஊர்ல வேற ஒருத்தரும் பல்லுக்கு இவ்வளவு யோசிக்கல்ல. இந்த உமிக்கரிக்கு எனத்த வந்தது?

— அரிக்குது நானா. பல்லு ஈறெல்லாம் அரிச்சு, நாக்கிலயும் ஒரு எரிவு.

— உமியச் சுட்டு, உப்புக் கொஞ்சம் சேத்து, சீலைத் துணியில ரெண்டு தரம் சலிச்சது அது. அத விடச் சாதுவான சாமான் என்ட கடைல இல்ல. றஹீமா, கேட்டியா? தோட்டத்துப் பஞ்சலிங்கம் ஐயாக்கு ஒன்ட கரியும் சரிவரல்லயாம்.

— கேட்டுக்கொண்டுதான் ஈக்கிறன். திரைக்கு இந்தப் பக்கமும் காது ஈக்குது. அய்யா, முதல்ல கொண்டுபோன சீமைப் பசைக்கு எனத்த குத்தம் சொன்னீங்கோ?

— அது குளிருது ராத்தா. பெப்பர்மிண்ட் போட்டது. காலமை நாலரைக்குப் பல்லு மினுக்கினா ஏழு மணிக்கும் வாய்க்குள்ள காத்து அடிக்குது. அதோட சவுக்காரமும் கலந்திருக்கிறாங்கள், நுரை பொங்குது. அந்த வாயோட தேயிலை ருசி பாக்கேலுமே?

— ரெண்டாவது கொண்டுபோன செவப்புப் பவுடர்?

— கராம்பும் கற்பூரமும். நாக்கு விறைச்சுப்போகுது.

— இது அரிக்கிது.

— ஓம், அரிக்குது. எரியுது.

— ம்.

— எனத்துக்கு றஹீமா ம் எண்டுற? தெரிஞ்சா ஒரு வழி சொல்லு.

— சும்மா. நீங்க ஏவாரத்தப் பாருங்கோ.

— சரி சரி. அய்யா, இதுக்கு ஒரே மருந்து நான் பாவிக்கிற மிஸ்வாக் குச்சிதான். மக்கத்துக்குப் போன மச்சான் கொண்டுவந்தது. பொடியும் இல்ல, பசையும் இல்ல, மரத்துட வேர். மென்டு தேச்சா முடிஞ்சுது.

— அதையும் போன கிழமை ஒரு துண்டு தந்தனீங்கள் எல்லே? அதுவும் சுள்ளெண்டுது.

— எல்லாம் ஒங்களுக்கு சுள்ளெண்டும் சில்லெண்டும். கொழும்புல ஆக்கள் பிரஷ் எண்டு ஒண்டு பாவிக்கிறாங்க. அத மட்டும் கேட்றாதீங்கோ. பன்றி மயிர்ல செய்றதாம். என்ட கடைப் படி ஏறாது.

— பிரஷ் வேண்டாம் நானா. என்ர விரல் போதும். எனக்குத் தேவை ஒண்டுதான். பல்லு விளக்கின பிறகு நாக்கில ஒண்டும் நிக்கக்கூடாது. மருந்தும் நிக்கக்கூடாது, மணமும் நிக்கக்கூடாது. நாக்கு கழுவின கோப்பை மாதிரிக் கிடக்கவேணும்.

— பதினாறு வருசமா இந்தத் தோட்டத்துத் தேயில பெக்டரில டீமேக்கர். அந்த நாளையில செங்கல் தூளால கூட வெளக்குவன் எண்டு நீங்கதான் சொன்னீங்கோ. அப்ப கெடாத நாக்கு, இப்ப எனத்துக்கு இப்பிடி நோஞ்சானாப் போச்சு?

— அதுதான் எனக்கும் விளங்கேல்லை.

— கோவிக்காதீங்கோ. சிரிக்கத்தான் சொன்னன்.

— சிரிக்கிற நேரமில்லை நானா. உங்களிட்டச் சொல்லுறன், வெளியில விடாதேங்கோ. புதன்கிழமை கொழும்பில இருந்து ஒரு துரை வாறார். அஞ்சு கோப்பை வைப்பார். பேர் எழுதாமல். எது எங்கட தேயிலை, எது புளிச்சது, எது புகை அடிச்சது எண்டு பெரிய துரைக்கு முன்னால நான் சொல்லவேணும்.

— எனத்துக்கு இந்தச் சோதின? ஒங்களுக்கா?

— எங்கட சரக்கு ரெண்டு தரம் புகை மணக்குது எண்டு திரும்பி வந்திட்டுது. தேயிலை காயவைக்கிற சூளைக் குழாயில வெடிப்பு. வெடிப்பு வாறது வழமைதான், காலமை கோப்பையில வாய் வைச்ச உடன டீமேக்கர் பிடிக்கவேணும். நான் பிடிக்கேல்லை. அந்தப் பெப்பர்மிண்ட் பசையாலதான் எண்டு நான் நினைக்கிறன்.

— புதன்கிழம தவறினா?

— தேயிலைக்கு விலை விழுந்து கிடக்கிற நேரம். ஆளை நிப்பாட்டச் சாட்டுத் தேடிக்கொண்டு திரியிறாங்கள். வேலை போனா வீடும் போகும், அது தோட்டத்து வீடு. ரெண்டு பெட்டைப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு பருத்தித்துறைக்குப் போய் அண்ணன்ர வாசல்ல நிக்கவேணும்.

— அல்லா... அப்பிடி எல்லாம் வராது. ஒங்கட நாக்கப் பத்தி இந்த ஊர்ல தெரியாதவன் யாரு? என்ட கடைத் தேத்தண்ணிய ஒரு மொடக்குக் குடிச்சிட்டு, இது தெஹியோவிட்டப் பக்கத்துத் தூள், உங்கள ஏமாத்திப்போட்டான் நானா எண்டு சொன்ன ஆள் நீங்க. மெய்யாத்தான் ஈந்தது.

— அது போன வருசம்.

— காச்சலுக்கு முன்னுக்கு.

— ஓம் ராத்தா. காய்ச்சலுக்கு முன்னம்.

— ஒடம்பு இப்ப தேறிட்டா அய்யா? நம்மட ஊர்ல வீட்டுக்கு ஒரு மய்யத்து விழுந்த மலேரியாக் காச்சல் அது.

— தேறீட்டுது ராத்தா. அப்பன் முருகன் காப்பாத்தினவர். ஆசுப்பத்திரியில எனக்கொரு பேர் கூடக் கிடைச்சது. இந்தத் தோட்டத்தில முகம் சுளிக்காமல் கொயினா மருந்து குடிச்ச ஆள் நீர் ஒராள்தான் எண்டு டிஸ்பென்சர் எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சவர். லயத்துத் தொழிலாளியளை நாலு பேர் பிடிச்சு வாயைத் திறந்து ஊத்தினது. நான் தண்ணி குடிக்கிற மாதிரிக் குடிச்சிட்டுக் கிளாசைக் குடுத்தன்.

— அந்தச் சனியனையா? என்ட மகள் பளீலா கொயினாப் போத்திலக் கண்டாலே கட்டிலுக்குக் கீழ பூந்திருவா.

— மகள் மட்டுமா? மகள்ட வாப்பாவும்தான்.

— அது எனத்துக்கு இப்ப, ஆக்களுக்கு முன்னுக்கு?

— அய்யா, ஒண்டு கேக்கிறன். வீட்டுல ஞானாம்பிகை அக்கா எனத்த சொல்றா?

— அவளோ? அவளோட ரெண்டு கிழமையா எனக்கு முகம் குடுத்துக் கதையில்லை. வீட்டுத் தேத்தண்ணியில புகை மணக்குது எண்டாள், சரக்குத் திரும்பி வாறதுக்கு முதலே. எனக்குப் படிப்பிக்க வாறியோ எண்டு நல்லாப் பேசிப்போட்டன். அதுக்குப் பிறகு கோப்பையை மேசையில வைச்சிட்டுப் பேசாமல் போறாள்.

— பாவம் அவ.

— றஹீமா, நீ பாவம் பாத்துக்கொண்டு ஈக்காம, அய்யாக்கு ஒரு வழி சொல்லு. நாள மறுநாள் புதன்.

— பொறுங்கோ. உள்ளுக்கு ஒரு பொடி ஈக்குது. இப்பக் கலந்து தாறன்.

— பாத்தீங்களா அய்யா? என்ட பொஞ்சாதிக்கு ஒரு கை மருந்து தெரியாம ஈக்காது. எனத்தப் போடுற றஹீமா? கராம்பா?

— கராம்பு இல்ல.

— கற்பூரம்?

— அதுவும் இல்ல. உப்பும் இல்ல, கரியும் இல்ல. அரிக்காது, குளிராது, விறைக்காது. மாவு போல சோக்குத்தூளும், இன்னொரு சாமான் ஒரு சிட்டிகையும். இந்தாங்கோ, திரைக்கு வெளிய நீட்டுறன், வாங்கி அய்யாட கையில குடுங்கோ. செம்புத் தண்ணியும் குடுங்கோ. இங்கயே தேச்சுப் பாக்கட்டும். நாக்குலயும் நல்லாத் தேக்கச் சொல்லுங்கோ.

— தாங்கோ நானா. வெள்ளை வெளேரெண்டு கிடக்கு. சரி, பாப்பம்.

— மெதுவா, மெதுவா. கானுக்குள்ள துப்புங்கோ, சாக்குல பட்டுரும். எப்பிடி?

— பொறுங்கோ நானா, கொப்புளிக்க விடுங்கோ.

— கொப்புளிச்சது போதும், சொல்லுங்கோ அய்யா!

— நானா, இதுதான்!

— மெய்யா?

— சத்தியமா! அரிக்கேல்லை, எரியேல்லை, குளிரேல்லை. வாயில ஒண்டுமே இல்லை. பச்சைத் தண்ணி குடிச்ச மாதிரிக் கிடக்கு. ராத்தா, நீங்கள் நல்லா இருக்கவேணும். மூண்டு கிழமையா நான் தேடினது இதைத்தான். புதன்கிழமைக்கு இது போதும் எனக்கு.

— அல்ஹம்துலில்லாஹ்! நான் சொன்னன் தானே? றஹீமா, இதப் போத்தில்ல அடச்சு விக்கணும். டீமேக்கரய்யாட நாக்கே ஒத்துக்கொண்ட பற்பொடி! கொழும்புக்காரனெல்லாம் வந்து நிப்பான். எங்க, நானும் கொஞ்சம்...

— நீங்க வாயில வெய்க்காதீங்கோ!

— எனத்துக்கு? அய்யா வெச்சார்தா... தூ! தூ! யா அல்லா! தண்ணி! அந்தச் செம்பத் தாங்கோ! தூ! எனத்தடி போட்ட இதுல?

— இன்னொருக்காக் கொப்புளிங்கோ. சீனி தாறன்.

— எனத்தப் போட்ட எண்டு கேக்கிறன்!

— கொயினா. காச்சலுக்கு கவுர்மெண்டுல தந்ததுல மிச்சம் ஈந்த தூள்.

— பைத்தியமா ஒனக்கு? ஏவாரத்துக்கு வந்த மனிசன்ட வாயில கொயினாவப் போட்டுக் குடுக்கிறதா? அய்யா, மாப்புச் செய்ங்கோ, இவளுக்கு... அய்யா?

— நீங்க சத்தம் போடாதீங்கோ. அய்யா, கோவம் எண்டா என்னோட கோவியுங்கோ. மூணு கெழமையா நான் திரைக்குப் பின்னுக்கு நிண்டு கேட்டன். எரியிது எண்டீங்கோ, குளிருது எண்டீங்கோ, விறைக்கிது எண்டீங்கோ. கரியில உப்புப் போட்டு ஈந்தது, உப்புக் கரிச்சது எண்டு ஒருக்காலும் சொல்லல்ல. சீமைப் பசை சீனிப்பாகு போல இனிக்கும், இனிச்சது எண்டு சொல்லல்ல. பொறகு கொயினாவத் தண்ணி போலக் குடிச்சன் எண்டீங்கோ. அப்பதான் கலந்து பாக்கணும் எண்டு தோணிச்சு.

— அய்யா, எனத்துக்குத் திரும்பவும் அந்தப் பொடிய நாக்குல வெக்கிறீங்கோ? ஒக்காருங்கோ.

— அவ சொல்லுறது சரி நானா.

— எனத்த சரி?

— கசக்கேல்லை. இப்பவும் கசக்கேல்லை. உங்கட முகத்தைப் பாத்துத்தான் அது கசப்பெண்டு அறிஞ்சன்.

— அப்ப காச்சல் விட்டு இந்த ரெண்டு மாசமும் எப்பிடித் தேயில பாத்தீங்கோ?

— கையால பாத்தன். வாடின கொழுந்தை நெரிச்சால் எனக்கு விளங்கும். நிறத்தைக் கண் சொல்லும். கோப்பையை வாயில வைச்சு, உறிஞ்சி, பழைய மாதிரியே துப்பினன். வாயில சுடுதண்ணிதான் நானா. வெறும் சுடுதண்ணி.

— சரி, கேளுங்கோ. மனம் விடாதீங்கோ. புதன்கிழம நிறத்தப் பாத்து சொல்லுங்கோ. அஞ்சு கோப்ப தானே? அந்தத் துரைக்கு எனத்த தெரியப்போகுது?

— புகை அடிச்ச தேயிலை நிறத்துல தெரியுமா அய்யா?

— இல்லை ராத்தா. அது நாக்குக்கும் மூக்குக்கும் மட்டும்தான். ரெண்டும் எனக்குச் செத்துப்போச்சு.

— அப்ப நிறத்தப் பாத்து சொல்ற கதைய விட்டுடுங்கோ. துரைக்கு முன்னுக்குத் தடுமாறி நிண்டா, திருட்டு வேல செஞ்ச மனிசன் போலத் தெரியும். நீங்க திருடினவர் இல்ல. காச்சல் வந்த மனிசன்.

— அவள் சொல்றதும் மெய்தான் அய்யா. அதுக்காகப் போய் சொன்னாலும் வேல போகுமே!

— போகலாம். சொல்லாட்டிப் புதன்கிழமை எப்பிடியும் போகும். நாளைக்கு விடிய பெரிய துரையிட்ட நானே சொல்லுறன். நாக்குக்கு வேற ஆளைப் போடுங்கோ, கொழுந்து வாட்டுற மாடியில என்னை விடுங்கோ எண்டு கேப்பன். பதினாறு வருசத்துக் கை கிடக்கு. வேண்டாம், போ எண்டால் போவம். அதுக்கு முதல் வீட்டை போகவேணும். மனிசி புகை மணக்குதெண்டு சரியாத்தான் சொன்னவள். நான்தான் பேசிப்போட்டன். அதை நினைக்க நெஞ்சு வெந்துபோகுது நானா.

— போங்கோ அய்யா. அக்காக்கிட்ட முதல்ல சொல்லுங்கோ. அவ காத்துக்கொண்டு ஈப்பா.

— நில்லுங்கோ, ஒரே ஒரு கேள்வி. கொயினா குடிச்ச அண்டைக்கே அது கசக்கல்ல எண்டு ஒங்களுக்குத் தெரியும் தானே?

— தெரியும்.

— தெரிஞ்சிட்டா எனத்துக்கு இந்த மூணு கெழமையும், பெப்பர்மிண்ட் வேணாம், கராம்பு வேணாம், உமிக்கரி வேணாம் எண்டு என்ட கடைப் படி ஏறி எறங்கினீங்கோ?

— பிழை பற்பொடியில எண்டால் மாத்தலாம்தானே நானா.