பதினோரு பேரு போன ஆட்டம்

அந்த நாற்காலி வேணாங்க சார், அதுக்கு ஒரு காலு ஆடும். இப்படிக் கட்டில்ல உக்காருங்க. ஆமா, நான்தான் வேணி, வெற்றிச்செல்வியோட அம்மா. பாஸ்போர்ட்டு விசாரணைக்கு ஸ்டேஷன்லேருந்து ஆளு வருவாங்கன்னு காலையிலயே போன் வந்துருச்சு. அவ கிரவுண்டுக்குப் போயிருக்கா, ஒரு மணி நேரத்துல வந்துருவா. எங்க வூட்டுக்காரரு சிமென்ட் லாரி ஓட்டுறாரு, இப்ப அரியலூர்ல லோடுக்கு நிக்கிறாரு. நான் பதில் சொன்னாப் போதும்ல? அப்ப கேளுங்க.

போட்டோவுலயா? நடுவுல நிக்கிறவதான். இல்லைங்க, ஸ்டூல்ல எல்லாம் ஏத்தி நிப்பாட்டல. ஆறடி ஒரு அங்குலம். வெற்றிச்செல்வின்னு பேரு வச்சது அவரு. பேரு ராசி, அவ நாட்டுக்காக ஆட ஆரம்பிச்சதுலேருந்து தோத்ததுதான் ஜாஸ்தி.

எட்டாவது படிக்கிறப்பவே எங்க வாசக்கால் அவ தலையில இடிக்கும். தெருவுல போறவங்க வர்றவங்க எல்லாம், இவளுக்கு மாப்பிள்ளைக்கு எங்க போவப் போறன்னு என்னையக் கேப்பாங்க. என்னமோ நான் தண்ணி ஊத்தி வளத்துட்ட மாதிரி. அப்பதான் ஸ்கூல் பி.டி. டீச்சர் கலைமணி வூடு தேடி வந்தாங்க. அவுங்களும் இவ ஒசரத்தப் பத்தித்தான் பேச வந்தாங்க. ஆனா அதைப் பத்திப் பேசிட்டு மூஞ்சியச் சுளிக்காம எந்திரிச்சுப் போன மொத ஆளு அவுங்கதான். பாஸ்கெட்பாலுன்னாங்க. கூடையில பந்து போடுற ஆட்டம்னாங்க. சரி, கூடையாவது இவளுக்கு எட்டுதேன்னு அனுப்பிட்டோம்.

பெரம்பலூர் ஹாஸ்டல்ல அஞ்சு வருசம். ஞாயித்துக்கிழமையானா முந்திரிப்பருப்ப நெய்யில வறுத்து எடுத்துக்கிட்டு பஸ் ஏறுவேன். ஹாஸ்டல் வாசல்லயே நின்னு தின்னு முடிச்சுட்டு, அடுத்த வாரம் இன்னுங்கொஞ்சம் ஜாஸ்தியாக் கொண்டாம்மான்னுவா. நல்லாருக்கியான்னு கேக்க மாட்டா. வெளையாட்டுப் புத்தி.

அப்புறம் இந்தியா டீம்ல எடுத்தாங்க. இங்க உடையார்பாளையம் பஸ் ஸ்டாண்டுல ஃப்ளெக்ஸ் வச்சாங்க, நீங்க கூடப் பாத்துருப்பீங்க. அதுல இவ மூஞ்சிக்குப் பின்னாடி வாலிபால் வலையப் போட்டுட்டான். போயி கேட்டா, அதுவும் பந்துதானக்கா, யாரு பாக்கப் போறாங்கங்கறான். நெசந்தான் சார். ரெண்டு மாசம் இருந்துச்சு, ஒருத்தரும் தப்புன்னு சொல்லல.

இருங்க, இதைச் சொன்னாத்தான் பழைய பாஸ்போர்ட்டு தொலைஞ்ச கதை புரியும். ஆசியக் கப்புல மேல ஒரு பிரிவு, கீழ ஒரு பிரிவாம். நம்ம புள்ளைங்க கீழ. கீழ மொத எடம் புடிச்சாத்தான் மேல விடுவாங்க. மேல போனாத்தான் உலகக் கப்பு, ஒலிம்பிக்குன்னு நெனச்சே பாக்க முடியும். அந்த ஒரு படிய ஏற முடியல நம்மளால. மொத தடவ இருபது பாயின்டுல தோத்தாங்க. ரெண்டாந்தடவ ஒம்பது. கொறஞ்சுக்கிட்டுத்தான வருது, நீ பேரன் பேத்தி எடுக்கறதுக்குள்ள ஜெயிச்சுருவாங்கன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லுவாரு.

போன வருசம் மூணாந்தடவ. இந்தத் தடவ ஏறிருவாங்கன்னு எல்லாருமே சொன்னாங்க. இவதான் சென்டரு, கூடைக்கு அடியில நிக்கிற ஆளு. பந்து உள்ள வுழாம வளையத்துல பட்டுத் திரும்புதுல்ல, அதைத் துள்ளிப் புடிக்கணும். அதுல இவள அடிச்சுக்க ஆளே கெடையாது.

அதுக்குத்தான் வரேன் சார், தொலைஞ்ச கதைக்கு. விசா வேலையெல்லாம் முடிச்சு பாஸ்போர்ட்ட அவுங்கவுங்க கையில குடுத்துட்டாங்க. அஞ்சு நாளு லீவுல வூட்டுக்கு வந்துருந்தா. திரும்பிப் போறதுக்குப் பை அடுக்குறா, பாஸ்போர்ட்டக் காணும். அவரு பரண் மேல கெடந்த சாமான் பூரா எறக்கிப் போட்டாரு. தெருவே வந்து தேடுச்சு. நானும் தேடுனேன். அரிசி டின்னக் கூடக் கவுத்துப் பாத்தேன். கடைசியில, வரும்போது பஸ்ஸுல நழுவிருக்கும்னு அவளே ஒரு முடிவுக்கு வந்துட்டா. திருச்சி ஆபீஸுக்கு அப்பனும் மவளும் ஓடுனாங்க. எம்புட்டு அவசரமாப் போட்டாலும் அந்தத் தேதிக்குள்ள ஆவாதுன்னுட்டாங்க. மாத்து ஆளு அனுப்பவும் நேரமில்ல. பன்னெண்டு பேரு போவ வேண்டிய டீம் பதினோரு பேரா ஏறிப் போயிருச்சு.

கடைசி ஆட்டத்த இந்தக் கட்டில்ல உக்காந்துதான் போன்ல பாத்தோம். படம் நின்னு நின்னு வருது. கடைசி நிமிசத்துல நம்ம புள்ளைங்க போட்ட பந்து மூணு தடவ வளையத்துல பட்டுத் திரும்புச்சு. மூணு தடவையும் எதிராளுங்க புடிச்சுட்டாங்க. ரெண்டு பாயின்டுல போச்சு. மறுநாளு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. நடுவர் சரியில்லையாம், சாப்பாடு ஒத்துக்கலையாம். ஒருத்தர் குளிருதான் காரணம்னு எழுதியிருந்தாரு, கூரைக்குக் கீழ ஆடுற ஆட்டத்துக்கு. பன்னெண்டாவது ஆளு எங்கன்னு ஒருத்தர் கூடக் கேக்கல.

இப்ப மறுபடி கூப்புட்டுருக்காங்க. ரெண்டு மாசத்துல போட்டி. அதுக்குத்தான் புதுசு கேட்டு எழுதிப் போட்டுருக்கா.

கையெழுத்தா? எங்க, இதுலயா? என்ன எழுதியிருக்கீங்க, கொஞ்சம் படிங்களேன். பேருந்துப் பயணத்தின்போது தவறவிட்டது உண்மை எனத் தாயாரும் தெரிவித்தார்னு போட்டுருக்கீங்க. ம்.

டீ ஆறுது பாருங்க, மொதல்ல குடிங்க.

லீவுல வந்தான்னு சொன்னேன்ல, சும்மா வரல சார். முழங்காலு வீங்கிக் கெடந்துச்சு. அப்பாவுக்குத் தெரியாம நானும் அவளும் திருச்சியில ஒரு டாக்டர்கிட்டப் போனோம். ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு, உள்ள சவ்வு பாதி கிழிஞ்சிருக்கு, குதிச்சுட்டு ஒரு தடவ தப்பா எறங்குனா மிச்சமும் போயிரும், அப்புறம் ஆட்டத்த மறந்துறணும்னாரு. பஸ்ஸுல கீழப்பழுவூர் வர்ற வரைக்கும் முழங்கால அமுக்கி அமுக்கிப் பாத்துக்கிட்டே வந்தா. அப்புறமா என் கையப் புடிச்சுக்கிட்டு, யார்கிட்டயும் சொல்லாதம்மா, இந்த ஒரு போட்டி ஆடிட்டு வந்துர்றேன், நான் போவலைன்னா அவுங்களுக்கு ஆளில்லம்மாங்கறா. சாமி மேல சத்தியம் வாங்கிக்கிட்டா. நான் சத்தியத்த மீறல சார். கோச்சுக்குச் சொல்லல, அவ அப்பாவுக்குக் கூடச் சொல்லல. போட்டி முடிஞ்சப்புறம் அவளே சொல்லி, ஆபரேசன் பண்ணி, எட்டு மாசம் வூட்ல கெடந்தா. இப்ப முன்ன மாதிரியே துள்ளுறா. டாக்டரே நல்லாருச்சுன்னுட்டாரு.

அதனால, பாஸ்போர்ட்டு பஸ்ஸுல எல்லாம் தொலையல சார். என் கல்யாணப் பட்டுச்சேலை மடிப்புல இருக்கு, உள்ள டிரங்குப் பொட்டியில. அந்தப் பொட்டிய அவ தொறக்கவே மாட்டா. எந்தச் சேலையும் அவளுக்குக் கணுக்காலுக்கு மேலயே நின்னுரும்.

ஏன் பேனாவ மூடிட்டீங்க? எழுதுங்க. எடுத்தாரவா? இதுலயே அவ போயிட்டு வந்துரட்டுமே. செல்லாதா? தொலைஞ்சுச்சுன்னு எழுதிக் குடுத்ததுமே ரத்து பண்ணிட்டாங்களா. அப்ப புதுசுக்கே வழி பண்ணுங்க. புள்ள தெரியாமத்தான் எழுதிக் குடுத்துச்சு, தப்பு ஆத்தாக்காரி மேலன்னு போட்டுக்கங்க, அதுல கையெழுத்துப் போடுறேன். அவகிட்ட நானே சொல்லிர்றேன், இன்னைக்கு வந்தவொடனே. எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. ஒரு வருசமா வாய் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போவுது.

இல்லைங்க, நான் அழுவல. பெத்த மனசு அப்படித்தான் செய்யும்னு நீங்க சொல்றீங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. அது மட்டும்னா இந்நேரம் அவகிட்டச் சொல்லியிருப்பேனே சார்.

அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சதும் அவ ஓன்னு அழுதா. அவரு செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. நான் முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். ஆத்தாளும் அழுவுறான்னு நெனச்சுக்கிட்டாங்க. இவ்ளோ பெரிய நாட்டுக்கு எம்பொண்ணு இல்லாம ஆவல சார். எனக்குச் சிரிப்ப அடக்க அரை மணி நேரமாச்சு.