ஆமைக்குட்டியின் பவுடர் வாசம்

கொம்தார் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள். அவள் மடியில் பிஸ்கட் பெட்டி. உள்ளே, உள்ளங்கை அளவில் ஓர் ஆமைக்குட்டி, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. மூக்கில் நுரை. மிருக டாக்டரிடம் கொண்டு போகிறார்கள். நான் யார் பேச்சிலும் தலையிடுகிறவள் இல்லை. ஆனால் அவள் கேட்டது காதில் விழுந்தது.

“ஏங்க, ஆமை மேல ஏன் பவுடர் வாசம் அடிக்குது?”

“உன் கை வாசமா இருக்கும்லா.”

“நான் பவுடரே போடறதில்ல. புதன், சனி, ஞாயிறு, இந்த மூணு நாளுதான் இதுக்கு இழுப்பு அதிகமாவுது. அது என்ன நாளுன்னு எனக்குத் தெரியாதா? நாலு நம்பர் லாட்டரி குலுக்கற நாளு.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“என்னைப் பாத்து சொல்லுங்க. என்ன செஞ்சீங்க?”

“ஆமை ஓட்டுல நம்பர் தெரியும்னு பேக்டரில சொன்னாங்க. பவுடர் கொட்டித் தேய்ச்சுப் பாத்தேன். அப்புறம் கழுவி, காத்தாடி முன்னால காய வச்சேன்.”

“ஈரத்தோட காத்தாடியா! வாயில்லா உசுருங்க அது. டாக்டர்கிட்ட உங்க வாயாலயே இதைச் சொல்லணும். மறைச்சீங்கன்னா மருந்து தப்பாப் போயிரும்.”

“வெக்கமா இருக்கு.”

“இருக்கட்டும்.”

“சரி, சொல்றேன்லா.”

பஸ் நின்றது. அவள் பெட்டியைத் துண்டால் மூடிக்கொண்டு எழுந்தாள். இறங்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

“நம்பர் தெரிஞ்சுச்சா?”

“மூணு தெரிஞ்சுது. நாலாவது தெரியறதுக்குள்ள தும்மிருச்சு.”