தாகத்துக்குக் கொடுத்தவர்கள்

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். நான் கேட்கவில்லை; நீங்களாகவே கொண்டுவந்து வைத்தீர்கள். கேட்காமல் கொடுப்பதுதான் தர்மம். சூடு ஆறட்டும், குடிக்கிறேன்.

மாரியாயி என் கணவரின் தங்கை. ஐம்பது வயதைத் தாண்டியும் சின்னப் பிள்ளையின் மனம் அவளுக்கு. என் கணவர் பக்கிரிசாமி கண்மூடும்போது அவள் கையை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். கிள்ளானில் எங்கள் வீட்டில் அவளைக் குளிப்பாட்டினேன், சோறூட்டினேன், இனிப்பு நீர் வியாதிக்குக் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டேன். எங்கள் வரிசை வீடுகளில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை.

பிறகு என் மகன் யுகேந்திரன் ஜொகூரில் வீடு வாங்கினான். "நீங்க மட்டும் வந்துருங்கம்மா. அத்தைய ஒரு நல்ல ஹோம்ல விட்டுருவோம் லா" என்றான்.

ஹோமில் விடுவது பாவம் என்றேன். இன்றும் அதைத்தான் சொல்வேன். அங்கே வேளைக்கு ஊசி போடுவார்கள், சோறு போடுவார்கள். சம்பளத்துக்குப் பார்ப்பவர்களிடம் அன்பு இருக்குமா?

டிவியில் தைப்பூசம் காட்டும்போதெல்லாம் மாரியாயி காவடிகளைப் பார்த்துக் கை தட்டுவாள். நேரில் பார்க்க வேண்டுமென்று வெகு நாள் ஆசை. கூட்டிப்போக முடிவு செய்தேன். மஞ்சள் சேலை எடுத்துக் கட்டிவிட்டேன். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் அடுக்கினேன். நோயாளி என்று தெரிவதற்காகக் கிளினிக்கில் அவள் மணிக்கட்டில் மாட்டிய சிவப்புப் பட்டை, வளையலுக்கு இடைஞ்சலாக இருந்தது. கழற்றி வைத்தேன்.

தைப்பூசத்துக்காக நாங்கள் இருவரும் இருந்த விரதத்தின் கடைசி நாட்களில் அவளுக்கு ஊசியையும் நிறுத்தியிருந்தேன். சாமிக்கு இருக்கும்போது உடம்பில் ஊசி ஏற்றுவது சரியாகப் படவில்லை. நீங்கள் அப்படிப் பார்ப்பது புரிகிறது. கன்னத்தில் வேல் குத்திக்கொள்ளும் நாள்தான் அது.

ரயிலில் அவள் என் தோளில் சாய்ந்தே வந்தாள்.

"அண்ணி, முருகன் நம்மள பாப்பாரா?"

"பாப்பாரு. நீ நல்ல பிள்ளையா ஒக்காந்திருந்தா."

பத்துமலைக்குப் போகும் சாலையின் இருபுறமும் தண்ணீர் பந்தல்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். வருகிறவர் யார், என்ன நோய் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. வெறுங்கையோடு யாரையும் அனுப்புவதுமில்லை. ரோஸ் சிராப், பானகம், பால் பாயசம், எல்லாம் தித்திப்பு. இரண்டு பந்தல்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்தேன்.

"எந்திரிக்காத மாரி. யாராச்சும் குடிக்கக் குடுத்தா வேணாம்னு சொல்லாத. சாமி காரியம்."

அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "போவாதீங்க அண்ணி. பயமா இருக்கு."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மெதுவாகத்தான். ஒரு வளையல்கூட உடையவில்லை.

எதிர்ப்பக்கம் ஒரு கடை நிழலில் போய் நின்றேன். உறுமி மேளம் நெருங்கியது. அருள் வந்த ஒருவர் காவடியோடு அவள் முன்னாலேயே சுழன்று ஆடினார். மாரியாயி அலறினாள். பந்தலிலிருந்து தாடி வைத்த ஒருவர் ஓடிவந்தார். லோகன் என்று பெயர் சொன்னீர்களே, அவர்தான்.

"என்ன ஆன்டி, மேளத்துக்கே பயந்தா எப்புடி? இந்தாங்க, ஜில்லுனு குடிங்க. நம்ம பந்தல்ல சிராப் தீரவே தீராது லா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் குடித்தாள். அந்த வியாதியில் தித்திப்புக் குடிக்கக் குடிக்கத் தாகம் கூடும். இத்தனை வருடம் பார்த்த எனக்கு அது தெரியும். பயந்து அழுதால் ஒருவர் கொடுத்தார். தாகம் என்று நாக்கை நீட்டினால் இன்னொருவர் கொடுத்தார். ஒரு சீன அம்மா குனிந்து பாயசத்தை ஊட்டியே விட்டார். மனிதர்கள் எவ்வளவு நல்லவர்கள், இன்ஸ்பெக்டர். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மத்தியானத்துக்கு மேல் அவள் தலை தொங்கியது. ஒருமுறை நிமிர்ந்து, கூட்டத்துக்கு நடுவே என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். மேளச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. உதடு மட்டும் "அண்ணி" என்றது. நான் கும்பிட்டேன். சாமி வருகிறது என்று நினைத்திருப்பாள், அவளும் கும்பிட்டாள். அப்புறம் கைகள் மடியில் விழுந்தன. "களைச்சிட்டாங்க, தூங்கட்டும்" என்று யாரோ வெயில் படாமல் அவள் முகத்தில் ஒரு துண்டைப் போட்டார்கள்.

இன்று உங்கள் ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் லோகன் அழுதுகொண்டிருந்தார். உள்ளே வரும்போது அவரிடம் சொன்னேன்: "அழாதீங்க தம்பி. நீங்க குடுத்தது புண்ணியம்."

என் பையில் ஒரு போத்தல் வெறும் தண்ணீரும் அவளுடைய ஊசியும் இருந்தன. இரண்டையும் தொடவில்லை. துண்டு மூச்சில் அசைவது நிற்கும்வரை எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். அதற்காகத்தான் அவளை அங்கே கூட்டிப்போனேன். எழுதிக்கொள்ளுங்கள். என் கையால் ஒரு துளி சீனிகூடக் கொடுக்கவில்லை, அதையும் எழுதுங்கள்.

தெரியும், தேநீர் ஆறிவிட்டது. எனக்குத் தொண்டை வறண்டுதான் கிடக்கிறது; அன்றிலிருந்தே அப்படித்தான். நேற்று பக்கத்து வீட்டு மலர் கஞ்சி கொண்டுவந்தாள். கதவைச் சாத்திவிட்டுத் தொட்டியில் ஊற்றினேன். தப்பாக நினைக்காதீர்கள், இன்ஸ்பெக்டர். முதலில் நீங்கள் ஒரு வாய் குடித்துக் காட்டுங்கள்.