வெள்ளியில் ஏறும் கருநீலம்

பழைய வெள்ளிக் காசைத் தேய்க்கவே கூடாது, ஐயா. உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லி வையுங்கள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பதுதான் என் பிழைப்பு, நானே சொல்கிறேன். ரோமானியர் காசின் மேல் இருக்கும் கருநீலம் நூற்றாண்டுக் கணக்கில் ஏறியது. அது போய்விட்டால் மிச்சம் வெறும் வெள்ளி.

அக்கா எப்படிச் செத்தாள் என்றுதானே கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன்.

வீட்டில் நாங்கள் இருவர்தான். கணவர் போன பிறகு அவள் என்னோடு வந்துவிட்டாள். முட்டி வலியால் பின்னறையை விட்டு அதிகம் வெளியே வரமாட்டாள். வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது. "கல்யாணம் பண்ணிக்கோடான்னா, செத்துப்போன ராஜாக்களோட குடித்தனம் நடத்துறே" என்பாள். நானும் சிரிப்பேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நான் சேர்த்த ரோமானியக் காசுகளைத்தான் சொல்வாள்.

குளிர் தொடங்கிய சமயம், என் பிறந்தநாளன்று வேலை முடிந்து வந்தேன். காசுகளையெல்லாம் பல்பொடி போட்டுத் துலக்கி, துண்டின் மேல் பரப்பி வைத்திருந்தாள். "கையே விட்டுப்போச்சுடா. எப்படி மின்னுது பாரு" என்றாள். மின்னத்தான் செய்தது. பேரரசர்கள் எல்லோரும் அப்போதுதான் முகம் கழுவியது போல இருந்தார்கள். காசு சேர்ப்போர் சங்கத்தில் காட்டினால், எவர்சில்வர் கடை வைத்துவிட்டாயா என்று கேட்பார்கள். எனக்கு உயிரே போயிற்று. ஆனாலும் அவளைத் திட்டவில்லை. நன்றாக இருக்கிறது அக்கா என்றேன்.

துலக்கியதில் ஒன்று அவள் அறை அலமாரியிலேயே விடுபட்டிருந்தது. சில வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் லேசாகக் கருத்திருந்தது. குளிருக்காக அந்த அறையில் கரி அடுப்பு உண்டு. அதன் புகைக்குழாயில் விரிசல். கரிப்புகையில் கந்தகம் இருக்கிறது. வெள்ளிக்கு அது நிறம் கொடுக்கும். எல்லாக் காசையும் ஒரு தட்டில் அடுக்கி அங்கே கொண்டுபோய் வைத்தேன்.

அவளுக்குத் தலைவலி வந்தது. புகைக்குழாய் சரிபார்ப்பவரைக் கூப்பிடச் சொன்னாள், கூப்பிட்டேன். அவர் என்னைத் தனியாகக் கூடத்துக்கு அழைத்து, "சார், குழாயை மாத்துற வரைக்கும் அந்த ரூம்ல யாரையும் படுக்க விடாதீங்க. தூக்கத்துலயே ஆள் போயிடும்" என்றார். நல்ல மனிதர். சொல்லி அனுப்புகிறேன் என்றேன். அக்காவிடம், சரிபண்ணியாச்சு என்றேன்.

நிறம் மெதுவாகத்தான் ஏறியது. ஜன்னல் இடுக்கில் வந்த காற்று புகையைக் கலைத்துக்கொண்டிருந்தது. பழைய துணியைக் கிழித்து இடுக்கையெல்லாம் அடைத்தேன். போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "எனக்குக் குளிரக் கூடாதுன்னு என்ன பாடு படுறே. அம்மா இருந்து பார்த்திருக்கணும்டா" என்றாள். கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. எனக்குப் பாசமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

மறுநாள் காலை கதவைத் திறந்தேன். அறை முழுக்கக் கரி வாடை. அவள் முகம் சிவந்திருந்தது, மூச்சு இருந்தது. கண்ணைத் திறக்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்போது இழுத்து வந்து கூடத்தில் போட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பாள் என்கிறார் உங்கள் டாக்டர். சரியாகத்தான் சொல்கிறார். நான் தட்டை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். நிறம் வந்திருந்தது, ஆனால் திட்டுத் திட்டாக. காசு தெரிந்தவன் எவனும் தொடமாட்டான். இன்னும் ஒரு நாள் இருந்தால் சமமாகிவிடும் என்று தோன்றியது.

தட்டைத் திரும்ப உள்ளே வைத்தேன். அடுப்பில் கரி போட்டேன். கதவைச் சாத்தும்போது "தம்பி" என்றாள், மெதுவாக. "இதோ வரேங்கா" என்றேன்.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். கூப்பிட்டவளுக்குப் பதில்கூடச் சொல்லாமல் போய்விட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா.