டயருக்குப் போர்த்திய ஈரச் சாக்கு

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ். முன் சீட்டில் இரண்டு பேர். "டயருக்கு ஈரச் சாக்கு போர்த்துன ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் அத்தான்" என்று இளையவர் சொன்னதும் என் காது அங்கே போய்விட்டது.

"தொட்டுப் பாத்தேன் மாப்ள, கொதிச்சுது. பட்டாசு கம்பெனி போர்மேன் வேற என்ன செய்வான்?"

"ரேஸ் டயரு சூடானாத்தான் தரையப் பிடிக்கும். நீங்க குளிர வச்சீக, ரேஸ்ல முதல் வளைவுலயே என் காரு சுத்தி மண்ணுல போய் நின்னுச்சு."

"தப்புதான்."

"அது இரவல் டயரு. இப்ப சொந்தமா ஒரு செட்டு வாங்கலாம்னு கடையில சொல்லி வச்சிருக்கேன்."

"அதையே போட்டுக்கிட்டுத்தான் தினமும் அச்சு பிரஸ்ஸு வேலைக்கும் போவியா?"

"ஆமா. மழையில மட்டும் வழுக்குமாம்."

திருத்தங்கல் தாண்டியதும் பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, எங்க பட்டாசு ஷெட்டுல சூட்டைக் கவனிக்காம விட்ட அன்னைக்கு வெடிச்சு, நாலு பேரைத் தூக்கிட்டு ஓடுனேன். கொதிக்கிறதைப் பாத்துக்கிட்டு என்னால சும்மா நிக்க முடியாது. நீ அந்த டயரையே வாங்கு. ரேசுக்கு வேற ஆளைக் கூட்டிட்டுப் போ."

இளையவர் போனை எடுத்தார்.

"அண்ணாச்சி, ரேஸ் டயரு வேண்டாம். தினசரி ஓட்டுறதுலயே, சூடேறாமலே நல்லாப் பிடிக்கிறதாப் பாத்துப் போடுங்க."

போனைப் பைக்குள் வைத்துவிட்டு அத்தான் பக்கம் திரும்பினார்.

"அடுத்த ரேசுக்கும் நீங்கதான் வரணும். சாக்கை மட்டும் வீட்டுலயே வச்சிட்டு வாங்க."