யப்பான் விதைப்பேணி

"படுங்கோ! குப்புறப் படுங்கோ!"

1993 தை. காலை ஆறே முக்கால். பலாலி இராணுவ முகாம் பக்கம் 'டும்' என்று ஒரு சத்தம். பிறகு கூவல். எண்ணுகிறேன். பதினொன்றில் வெடிக்கிறது. நான் வாழைக்குள் குப்புறக் கிடக்கிறேன். என் கணவர் இராசன் கோவாப் பாத்திக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் மாறிக்கொண்டு நிற்கிறார். கத்தியது நான்தான். அவர் மண்வெட்டியை விடவில்லை. இரண்டாவது ஷெல் கூவவே இல்லை.

ஊர் முன்னமே வெறிச்சோடிவிட்டது. எல்லோரும் இடம்பெயர்ந்து பக்கத்து ஊர்க் கோயிலடியில் இருந்தோம். நாங்கள் இருவர் மட்டும் தோட்டத்துக்கு வந்து போனோம். கோவாவுக்காக. முட்டைக்கோசைத்தான் சொல்கிறேன். யப்பான் விதை. பொருளாதாரத் தடைக்குள் ஒரேயொரு பேணி, தகர டப்பா, கிடைத்திருந்தது. இலை கொஞ்சம் சொரசொரப்பு. யப்பான்காரனின் புது இனமாக்கும் என்று இவர் நம்பினார். விளைந்ததும் விற்றுவிட்டு ஊரைவிட்டே போக இருந்தோம்.

அவரின் எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடித்துத் தோட்டத்துக்குப் போனேன். ஒரே மஞ்சள் பூ. ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டேன். கடுகு. சமையல் கடுகு. கோவா விதையும் கடுகும் பார்வைக்கு ஒன்றுதான். என் மனுசன் கடுகுக்குத் தண்ணீர் கட்டிச் செத்தார்.

ஐந்து வருடம் யப்பான்காரனைத் திட்டித் தீர்த்தேன். ரொறன்ரோ வந்தும் திட்டினேன். நாற்று வளர்க்கும் கண்ணாடிக் கூடம் ஒன்றில் வேலை. 1998 பங்குனி. விதைப் பெட்டியோடு, எங்கள் பேணியில் பெயர் இருந்த அதே யப்பான் கம்பனியின் வரலாறு ஒரு சின்னப் புத்தகமாய் வந்தது. மகளுக்குப் பதினான்கு வயது. வாசித்துச் சொன்னாள். பூச்செடிக் கிழங்கு ஏற்றுமதி செய்த சின்னக் கடையாகத் தொடங்கியதாம். பிறகு இரண்டாம் உலக யுத்தம். குண்டு விழுந்து விதைக் கிடங்கு எரிந்தது. உழவர்கள் தங்கள் வீட்டில் மிஞ்சிய விதையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை வைத்துக் கம்பனியைத் திரும்பத் தொடங்கினார்கள். பேணிகளைத் தகரத்தால் மூடி ஒட்டித்தான் அனுப்பினார்களாம். வெட்டாமல் திறக்க முடியாது. படமும் இருந்தது.

எங்கள் பேணி விரலால் திறந்தது.

விற்றவன் யோகன். சந்தியில் விதைக்கடை வைத்திருந்தவன். தடை நேரம் வீடு வீடாக வந்து வெறும் விதைப்பேணிகளை வாங்கிப் போனான். நானே மூன்று பேணி கழுவிக் கொடுத்தேன். அதற்குள் கடுகை நிரப்பி எங்களுக்கே விற்றிருக்கிறான்.

அவனும் இங்கேதான் இருக்கிறான். ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில், பிளாசா ஒன்றில் மரக்கறிக் கடை. வைகாசி பிறந்தால் வாசலில் நாற்று விற்பான். போன சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். சனம் வரிசையில் நிற்கிறது. "வாங்கோ அக்கா" என்கிறான். பேணியைப் பற்றிக் கேட்டேன். முகம் செத்துப்போனது.

"அக்கா, மெதுவாக் கதையுங்கோ. அந்த நேரம் எல்லாரும் உப்பிடித்தான் செய்தவை."

எனக்கு அது போதும். தொண்டை கிழியக் கத்தினேன்.

"வாங்காதேங்கோ! உவன் கடுகைக் கோவா எண்டு வித்தவன்! என்ர மனுசன் உவனாலதான் செத்தவர்!"

மறந்துபோகாமல் எழுதி வைக்கிறேன். எனக்கு இல்லாமல் போனவை: கணவர் இராசன், வயது முப்பத்தெட்டு. வீடு ஒன்று. கிணறு ஒன்று. இராணுவம் இருக்கும் ஆறு பரப்புத் தோட்டம். மகளுக்கு அவளின் அப்பாவுடைய உடலைக் காட்டவில்லை. காட்டும்படி இருக்கவில்லை.

அவனுக்கு இல்லாமல் போனவை: நாற்றை வைத்துவிட்டுத் திரும்பிப் போன ஒன்பது பேர்.

போதாது. வரும் சனிக்கிழமையும் போவேன்.